சீனத்து வெள்ளிக்கட்டியை உருக்கியவன்

தாய்மாமனாக இருப்பதைப் போல நன்றிகெட்ட வேலை உலகத்தில் வேறில்லை. செய்தாலும் குற்றம், செய்யாவிட்டாலும் குற்றம். நான் செய்து கெட்டவன்.

சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் ஆறு வருடம் வெல்டிங் செய்துவிட்டு ஊருக்குக் கிளம்பிய அன்று, சீனரான என் சூப்பர்வைசர் ஒரு வெள்ளிக்கட்டியைக் கையில் வைத்தார். உள்ளங்கை அளவு, தோணி வடிவம், நடுவில் சீன முத்திரைகள். அவருடைய தாத்தா காலத்துச் சீனாவில் இதுதான் பணமாம்; தராசில் நிறுத்துக் கொடுப்பார்களாம். "விற்றுவிடாதே" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. ஆறு வருட உழைப்புக்கு ஒரு செல்லாக்காசா! (டிவி கொடுத்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.)

ஊருக்கு வந்தால் தங்கை மகனுக்கு இருபத்தெட்டு கெட்டு. பிறந்த இருபத்தெட்டாம் நாள் குழந்தைக்கு அரைஞாண் கட்டும் சடங்கு. எங்கள் குடும்பத்தில் வெள்ளி அரைஞாண் தாய்மாமன் பொறுப்பு. தங்கையின் புகுந்த வீட்டார் முன்னால் மானம் போகக் கூடாதே! கருங்கல் ஊரில் நகை ஆசாரியிடம் கட்டியை நீட்டினேன். அவர் உரைத்துப் பார்த்தார்.

"மக்கா, நல்ல சுத்த வெள்ளி. ஆனா என்னமோ எழுத்து வெட்டியிருக்கே, உருக்கத்தான் வேணுமா?"

"நீரு உருக்கும் வேய். எழுத்தை வச்சு பிள்ளைக்குப் பாடமா நடத்தப் போறேன்?"

சொன்னது நான்தான். இந்த வாயால்தான்.

அரைஞாணை எல்லோரும் மெச்சினார்கள். அத்தோடு கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்திருக்கலாம். பெருமை விட்டதா? போனில் இருந்த பழைய கட்டியின் படத்தைக் காட்டினேன். தங்கை கணவரின் அண்ணன் களியக்காவிளையில் வாத்தியார். அந்தப் படத்தை வைத்து இணையத்தில் எங்கெங்கோ தேடிவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மச்சான், இது பழைய சாதனமாக்கும். இந்த முத்திரையோட இருந்தா ஒரு காரே வாங்கலாம்னு போட்டிருக்கு. கட்டி எங்க?"

பந்தல் மொத்தமும் திரும்பிக் குழந்தையின் இடுப்பைப் பார்த்தது.

"அண்ணே, எங்க கிட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கப்பிடாதா?" என்று தங்கை அழுதே விட்டாள்.

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். விற்காதே என்றுதானே அந்த மனிதர் சொன்னார்? உருக்காதே என்று சொன்னாரா? ஆசாரிதான் ஆகட்டும், ஒருமுறை கேட்டவர் இன்னொருமுறை கேட்டால் வாயா வலிக்கும்?

மருமகனுக்கு இப்போது மூன்று வயது. குளிக்கக் கூப்பிட்டால் வெறும் அரைஞாணோடு தெருவில் ஓடுகிறான். தங்கை வாசலில் நின்று கத்துகிறாள்:

"அண்ணே, உங்க காரு ரோட்டுல ஓடுகு, பிடியுங்கோ!"

எதிர்த்த கடைக்காரர் வாயாலேயே ஹாரன் அடிக்கிறார். நான் துண்டோடு பின்னால் ஓடுகிறேன்.