போர்டுக்குக் கட்டுப்பட்ட வக்யூம் அண்ணை

டொரொன்டோ முழுவதிலும் நகரசபைச் சட்டத்தைச் சாமியாகக் கும்பிட்ட ஒரே மனிதர் வக்யூம் அண்ணைதான். எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன். சட்டம் போட்ட மேயருக்குக்கூட அவ்வளவு பயபக்தி இருந்திருக்காது.

தொண்ணூறுகளில் அஜின்கோர்ட்டில், ஓர் அன்ரி வீட்டு பேஸ்மென்டில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். வக்யூம் அண்ணை அந்தப் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய் வக்யூம் கிளீனர் விற்பவர். மெஷினை ஒரு தள்ளுவண்டியில் கயிற்றால் கட்டி, விற்பனை லைசன்ஸை ஜாக்கெட்டின் நெஞ்சில் குத்திக்கொண்டு வருவார். கதவு திறந்ததும் வணக்கத்துக்கு முன் லைசன்ஸைத்தான் காட்டுவார். பார்த்தோம் என்றால் விடமாட்டார். வாசிக்க வேண்டும்.

உள்ளே விட்டால் தொலைந்தோம். கார்பெட், மெத்தை, சோபா, ஒருமுறை சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அன்ரி வீட்டு அங்கிள் இடுப்பில் கட்டியிருந்த சாரம், எல்லாவற்றையும் மெஷினால் உறிஞ்சுவார். வந்த ஊத்தையை வெள்ளைத் துணியில் கொட்டி, "அக்கா, உதுக்கு மேலயோ இவ்வளவு நாளும் படுத்தெழும்பினனீங்கள்?" என்று கேட்பார். வெட்கத்தில் பாதிப் பேர் வாங்கிவிடுவார்கள். அன்ரியும் அப்படித்தான் ஒன்று வாங்கினார்.

மீதிப் பேர் கடைக்கு ஓடிப்போய் 'நோ சொலிசிட்டிங்' போர்டு வாங்கினார்கள். விற்க வருகிறவர்கள் இங்கே மணியடிக்கக் கூடாது என்று அர்த்தம். அங்கிளும் கதவில் ஒன்றைப் பசை போட்டு ஒட்டினார். மற்ற வியாபாரிகள் அந்தப் போர்டின் மேலேயே தட்டினார்கள். வக்யூம் அண்ணை மட்டும் போர்டைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு விலகிப் போனார். விஷயம் பரவ, தெரு முழுக்கப் போர்டு முளைத்தது. மனிதருக்குத் தட்ட ஒரு கதவு மிச்சமில்லை!

ஒரு மார்கழி மாதம், பஸ் ஸ்டாப்பில் அவரே சொன்னார். "சனிக்கிழமைக்குள்ள ஒரு மெஷினாவது போகாட்டி வேலை இல்லையாம் தம்பியவை. வேலை போனா ஸ்பொன்சரும் போச்சு." யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியையும் மகளையும் கூப்பிட அலுவல் நடந்துகொண்டிருந்தது. மகளைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தவர்.

அந்தச் சனிக்கிழமை பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவரோ வண்டியை இழுத்துக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடக்கிறார், ஒரு கதவையும் தட்டாமல்! தெரிந்த மனிதர் வாசலைத் தாண்டித் தேத்தண்ணி குடிக்காமல் போவதா? அன்ரியால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்தார்.

"தம்பி, உள்ளுக்கு வாரும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

"ஏலாது அக்கா. போர்டு கிடக்கு."

"நான்தானே கூப்பிடுறன்!"

"நீங்கள் கூப்பிடுறியள். போர்டு வேண்டாமெண்டுது. நான் ஆர் சொல்லைக் கேக்கிறது?"

"இஞ்சாருங்கோ!" என்று அன்ரி போட்ட சத்தத்தில் அங்கிள் கத்தியும் சுடுதண்ணீரும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நாங்கள் மூன்று பேரும் பேஸ்மென்டிலிருந்து ஏறி வந்தோம். தான் ஒட்டியதைத் தானே சுரண்டினார். போர்டோடு கதவின் பெயின்டும் வந்தது. அதன் பிறகே அண்ணை சப்பாத்தைக் கழற்றினார்.

தேத்தண்ணி முடிந்ததும் அன்ரி, "எனக்கு இன்னொரு மெஷின் தாரும்" என்றார்.

"போன வருஷம் தந்தது ஓடேல்லையோ?"

"நல்லாத்தான் ஓடுது."

"அப்ப தரமாட்டன். அது ஏமாத்து."

நான் பாய்ந்தேன். "அண்ணை, எங்களுக்குத் தாங்கோ!"

"கீழ சீமெந்துத் தரைதானே தம்பி? கார்பெட் இல்லாத வீட்டுக்கு வித்தா அதுவும் ஏமாத்து." கயிற்றைக் கட்டத் தொடங்கிவிட்டார். வேலை போகிற மனிதர் பேசுகிற பேச்சா இது!

மூலை வீட்டுக்காரர் ஒரு பழைய கார்பெட்டைக் குப்பைக்காகத் தெருவில் போட்டிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. மூன்று பேரும் ஓடினோம். ஒருவன் செருப்போடேயே பனியில் ஓடினான். பனியோடு சேர்த்துச் சுருட்டி, தூக்கி, விழுந்து, எழும்பி, படிக்கட்டில் உருட்டி, பேஸ்மென்டில் விரித்தோம். நாய் மணம் தூக்கியடித்தது.

அண்ணை இறங்கி வந்து கார்பெட்டைச் சுற்றி நடந்தார். குனிந்து தடவிப் பார்த்தார்.

"ஓம்," என்றார் கடைசியில். "உங்களுக்குக் கட்டாயம் ஒண்டு வேணும்." அன்றைக்கும் லைசன்ஸை எங்கள் மூவரையும் வாசிக்க வைத்த பிறகுதான் விற்றார்.

அடுத்த கோடையில் விமான நிலையத்துக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். கதவு திறந்தது. மனைவியும் மகளும் வந்தார்கள். அந்தப் பிள்ளை அப்பாவை யாரோ என்று பார்த்தது. பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. அண்ணை அழுதுகொண்டே எங்களைக் காட்டி, "உவையள்தான் என்ரை கஸ்டமர்மார்" என்றார்.

"மெஷின் நல்லா வேலை செய்யுதோ தம்பி?" என்று அவர் மனைவி கேட்டார்.

"அந்தமாதிரி வேலை செய்யுது, அக்கா!" என்றோம்.

கார்பெட்டின் நாற்றம் தாங்காமல், கொண்டுவந்த அடுத்த கிழமையே தூக்கி எறிந்திருந்தோம். மெஷின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஆனாலும் மகளைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த மனிதரைப் பார்த்தபோது, இன்னொன்று விற்றிருந்தாலும் அந்த இடத்திலேயே வாங்கியிருப்பேன்.