புடவைக்கடையின் தரவு விஞ்ஞானி

பேரன்புள்ள பஸ்லினா ராத்தா அவர்களுக்கு,

திகனயிலிருந்து உங்கள் மஹ்மூத் சாச்சாவின் மகன், உங்கள் தம்பி ஹுதைபா சலாமுடன் எழுதுவது. நாங்கள் சுகம், கடைக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. என் போன் வாப்பாவின் மேசை லாச்சியில் பூட்டப்பட்டிருப்பதால் இந்தக் கடிதம்.

இத்தால் துயரத்துடன் அறியத்தருவது யாதெனில், எங்கள் கடைவாசல் கால்மிதி நேற்றுப் பிற்பகல் காலமாகிவிட்டது. காரணம் என் தொழில்நுட்பம் என்கிறார் வாப்பா. மழை என்கிறேன் நான். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

ஓ/எல் பரீட்சை முடிவு வந்ததிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. எனக்கு உயர்தரத்தில் தொழில்நுட்பம் படித்து உங்களைப் போல் வரவேண்டும். வாப்பாவுக்கு நான் கடையில் நிற்கவேண்டும். நீங்கள் தரவு விஞ்ஞானி, மென்பொருள் பொறியியலாளர், பின்னேரத்தில் விரிவுரையாளர் என்று விளக்கினால், "ஒரு வேல ஒழுங்காக் கெடச்சிருந்தா அந்தப் புள்ள ஏன் மூணு செய்யுது?" என்று கேட்கிறார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: அந்த மூன்றையும் கடையில் செய்து காட்டினால் படிக்க விடுவாராம்.

காட்டினேன் ராத்தா. தனியாளாக மென்பொருள் எழுதினேன். உள்ளே வருகிறவர்களை வாசல் கமரா எண்ணும். அதை வைத்து நாளைக்கு எவ்வளவு கூட்டம் என்று மென்பொருள் சொல்லும். பிறகு வாப்பாவுக்குப் பாடம் நடத்தினேன். உங்களுக்கு வாய்த்த மாணவர்கள் தங்கம். வாப்பா வரைபடத்தோடு பேரம் பேசுகிறார். அறுபது பேர் என்று காட்டினால் எண்பதாகப் போடச் சொல்கிறார். இது விலை இல்லை, கணிப்பு என்றால், "கணிப்பெண்டாலும் கொஞ்சம் பாத்துப் போடோணும்தானே" என்கிறார். கடையில் வேலை செய்யும் கறுப்பையா அண்ணன் சிரிப்பை மறைக்க ஒரே சாரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் கூட்டம் கூடும் என்ற கணிப்பு பலித்தது. முதல் மழைக்கே கூட்டம் இரட்டிப்பு. வாப்பா அன்று சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். எண்ணிக்கையைப் போனில் அனுப்பினேன். மனுசன் உச்சி குளிர்ந்து சல்வாரை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நேற்று மறுபடி கொட்டியது. கடையில் கால் வைக்க இடமில்லை. வாப்பா சல்வாரை விரித்துப் போட்டு, என்ன நிறம் காட்டட்டும் என்று ஓர் அம்மாவிடம் கேட்க, அவர் சொன்னார்: "ஒண்ணும் வேணாங்க, தெல்தெனிய பஸ் வந்தா போயிருவோம்."

முழுக் கடையும் பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள் ராத்தா. வாங்க வந்த கூட்டம் இல்லை, ஒதுங்க வந்த கூட்டம். தலையை எண்ணுகிற கமராவுக்கு மனசில் உள்ளது விளங்குமா? பஸ் வந்தது, கடை காலி, சேறும் கிழிந்த கால்மிதியும் மட்டும் மிச்சம். என் போனும் போனது.

ஆனால் வாப்பா சேற்றைக் கூட்டித் தள்ளிவிட்டு, "பிழையோ சரியோ, தன்ட மூளையால எழுதிருக்கான். படிக்கட்டும்" என்று சொல்லி விண்ணப்பத்தில் கையெழுத்தும் வைத்துவிட்டார். ஆகவே உங்கள் தொழிலுக்குப் போட்டியாக ஒருவன் கிளம்பிவிட்டான், கவனம்.

பெரியவாப்பாவுக்கும் பெரியும்மாவுக்கும் என் சலாம். உங்கள் மூன்று வேலையிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நாலாவது ஒன்று வந்து சேராமலும் காப்பானாக.

இப்படிக்கு,
ஹுதைபா

பி.கு.: ஒரு சின்ன விசயம். அந்த மென்பொருள், போன லீவில் நீங்க பழகச் சொல்லி அனுப்பினதுதான். அதில நான் எழுதினது கடைட பேர் மட்டும். திரைக்கு அடியில பொடி எழுத்தில 'ஆக்கம்: பஸ்லினா' எண்டு எழுதி ஈக்கி. வாற கிழமை வாப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வருது. அதுக்கு முந்தி அத எப்படி அழிக்கிற எண்டு மட்டும் சொல்லித் தாங்க ராத்தா.