மலை வெடித்ததால் மகளை அனுப்பாத மருமகப்பிள்ளைக்கு

வண்ணார்பேட்டை,
11-11-1992.

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய மருமகப்பிள்ளை அருமைநாயகம் அவர்களுக்கு, மாமனார் ஞானசிகாமணி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். தாங்களும் எங்கள் மகள் ஜெபக்கனியும் சுகமாயிருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். தங்கள் கடிதம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

தலைப்பிரசவத்துக்குப் பிள்ளையை அழைத்துவர எப்போது வரட்டும் என்று கேட்டால், தாங்கள் காலேஜில் நடத்தும் பூகோளத்தை எனக்கு நடத்தியிருக்கிறீர்கள். போன வருஷம் பிலிப்பைன்ஸில் எரிமலை வெடித்ததாம், அதன் கந்தகப் புகை மேகத்துக்கும் மேலே ஏறி, உலகம் பூராவும் திரையாகப் பரவி வெயிலை மறிக்கிறதாம், பூமி அரை டிகிரி குளிர்ந்துவிட்டதாம், மழை பொய்க்கலாமாம். முந்தைய நூற்றாண்டில் ஜாவா பக்கம் ஒரு மலை வெடித்து, மறுவருஷம் ஐரோப்பாவில் கோடையே வராமல், பயிர் விளையாமல், சனங்கள் ரொட்டிக்கு அடித்துக்கொண்டார்களாம். ஆகையால் திருநெல்வேலியில் தண்ணீர்ப் பஞ்சம் வரும், பிரசவம் பூனாவிலேயே நடக்கட்டும் என்று முடித்திருக்கிறீர்கள். தாலுகா ஆபீஸில் காலமெல்லாம் லீவு லெட்டர் வாங்கி அடுக்கியவன் நான். பல்வலி பார்த்திருக்கிறேன், ஒரே மாமா மூன்று தடவை செத்ததைப் பார்த்திருக்கிறேன். மலையைக் காரணம் காட்டிய முதல் ஆள் தாங்கள்தான்.

அந்த அரை டிகிரி மே மாதம் வண்ணார்பேட்டையில் எந்தத் தெருவில் குறைந்தது? நான் விசிறியும் கையுமாகத்தான் கிடந்தேன். உலகம் பூராவும் மூடிய புகை பூனாவுக்கு மேலே மட்டும் ஓட்டை விட்டிருக்கிறதா? படித்தவர், தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைக்கென்று பின்னறைக்கு வெள்ளையடித்துத் தொட்டில் கம்பியும் மாட்டியாயிற்று. தங்கள் மாமியார் தேவமணி பிரசவ லேகியம் கிண்டி ஜாடியில் வைத்துவிட்டு, "எங்கனயோ மல வெடிச்சதுக்கு எம்புள்ள எதுக்குத் தெரியாத ஊர்ல கெடந்து பெறணும்? கேட்டு எழுதுங்க" என்கிறாள். சொல்லிவிட்டு, பஞ்சத்துக்குப் பயந்து அண்டா, குண்டா, சருவம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைக்கிறாள். நடக்க இடமில்லை.

எதிர்வீட்டு பாபநாசம் அண்ணாச்சி, "மக வரலியா வே?" என்றார். எரிமலையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சீர்ல கொற வச்சிட்டு மல மேல பழியப் போடுதீரு" என்றார். இப்போது தெருவே அதைத்தான் பேசுகிறது. எனக்குத் தலைகுனிவாக இருக்கிறது, மாப்பிள்ளை. வேறு என்ன சொல்ல.

தாமிரபரணி வற்றாத ஆறு. கூப்பிட்டால் வாசலுக்கு வந்து தண்ணீர் தரும். இன்றைக்கே தூறல் விழுகிறது. மழைக்குத் தங்கள் எரிமலைச் செய்தி எட்டவில்லை போலிருக்கிறது. ஆகவே மறு தபாலில் ஜெபக்கனியை அனுப்பும் தேதியை எழுதவும். கர்த்தர் தங்கள் வீட்டையும் அதிலுள்ள யாவரையும் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
ஞானசிகாமணி

பி.கு.: தபாலில் போடச் சோம்பி வைத்திருந்த இந்தக் கடிதம் சட்டைப்பையிலேயே நனைந்து காய்ந்தது. மலையில் கொட்டிய பேய்மழையில், கூப்பிடாமலே ஆறு வாசலுக்கு வந்து, வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தேவமணியின் அண்டாவெல்லாம் எந்தக் கடலுக்குப் போயிற்றோ. பள்ளிக்கூட மாடியில் இருந்து பென்சிலால் எழுதுகிறேன். ஊரில் பலருக்கு வீடில்லை. சிலர் ஆளையே தேடிக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் மழை பொய்க்கும் என்றது தப்பு, பிள்ளையை அனுப்பாதது சரி. இதற்கு எப்படிச் சண்டை போடுவதென்று தெரியவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிற பாபநாசம் அண்ணாச்சி, "ஒம்ம மாப்ள தங்கம்லா வே" என்கிறார். அது வேறு கசக்கிறது.

ஜெபக்கனியை அனுப்ப வேண்டாம். ரயில் ஓடியதும் நாங்களே வருகிறோம். சீர் ஒன்றும் இல்லை, தேவமணி தலையில் தூக்கிவந்த லேகிய ஜாடி மட்டும் இருக்கிறது. வெள்ளையடித்த அந்தப் பின்னறைச் சுவர்தான் முதலில் விழுந்தது. அதை ஜெபக்கனியிடம் சொல்ல வேண்டாம்.