ஒரே ஒரு பொத்தான்

"நுரை பிரமாதம் தம்பி. உள்ள காபியைத்தான் காணோம்" என்று இரண்டாவது கோப்பையையும் காலி செய்துவிட்டுக் கீழே வைத்தார் வீட்டுக்காரர்.

காபி மெஷின் விற்க வந்தவர் அந்தக் கோப்பையை அவசரமாகத் துடைத்து வைத்தார். கம்பெனியில் அவருக்குப் பெயரே பொத்தான். "ஒரே ஒரு பொத்தான் சார், மிச்சத்தை மெஷின் பார்த்துக்கும்" என்று தூக்கத்தில்கூடச் சொல்வார் என்பது அவர் மனைவியின் சாட்சியம். ஆனால் மூன்று மாதமாக ஒரு மெஷின்கூட நகரவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் ஒன்றாவது விற்காவிட்டால், நாளை முதல் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை என்று மேனேஜர் வெகு அன்போடு சொல்லி அனுப்பியிருந்தார்.

"பழைய முறையில போட்ட காபியைக் குடிச்சுட்டு இதைக் குடிச்சாத்தான் சார் அருமை தெரியும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

வீட்டம்மா பரணிலிருந்து இரும்பு வளையத்தில் தொங்கும் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தார். ஏதோ பூதம் கழற்றிப் போட்ட காலுறை மாதிரி இருந்தது. "எங்க மாமனார் காலத்து வடிகட்டி. இதுல போட்டுக் காட்டுங்களேன்."

தன் பையிலிருந்த மாதிரித் தூளைக் கொட்டி, தான் கொண்டுவந்த பாலைக் காய்ச்சி, காபி போட்டுக் கொடுத்தார் பொத்தான். வேண்டுமென்றே மோசமாகத்தான் போட்டார். பாழாய்ப்போன காபி அமிர்தமாக அமைந்துவிட்டது.

"இது காபி" என்றார் வீட்டுக்காரர், மெஷினைத் துக்கம் விசாரிப்பதுபோல் பார்த்து.

"இது ஆதிகாலம் சார். அடுப்புல வைக்கிற, மூடியில கண்ணாடிக் குமிழ் வச்ச கெண்டி வந்ததும் எல்லாரும் இதைத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"அதுவும் இருக்கே" என்றார் வீட்டம்மா.

கெண்டி அடுப்பேறியது. குமிழுக்குள் தண்ணீர் துள்ளித் துள்ளிக் கறுத்தது. வாசனை உள்ளறைக்குப் போய், அங்கே குறட்டை விட்டுக்கொண்டிருந்த வீட்டம்மாவின் தம்பியைக் காதைப் பிடித்து இழுத்துவந்தது. அவர் நின்றபடியே மூன்று கோப்பை குடித்தார்.

"அத்தான், என் ஓட்டு கெண்டிக்கு."

"எனக்குத் துணிதான்" என்றார் வீட்டம்மா.

பால் தீர்ந்தது. பொத்தான் நான்கு மாடி இறங்கி ஓடிப் பால் வாங்கி, நாக்குத் தள்ள ஏறிவந்தார். அதற்குள் சமையல் மேடைமேல் மின்சாரத்தில் காபி சொட்டும் மெஷின் ஒன்று குந்தியிருந்தது.

"எங்க கல்யாணத்துக்கு வந்தது. இதையும் பார்த்துட்டா மனசு தெளிஞ்சிடும்" என்றார் வீட்டுக்காரர்.

"இதுக்குள்ள வைக்கிற வடிதாள் எங்கம்மா?"

"அது தீர்ந்து எத்தனையோ வருஷமாச்சு. உங்ககிட்டதான் ஏதோ தாள் இருக்கே."

இருந்தது, வாங்குபவர் கையெழுத்துப் போடவேண்டிய கடைசி ஆர்டர் பாரம். அந்த நேரத்தில் பொத்தானுக்கு மூளை எங்கே போயிருந்ததோ, அதைக் கூம்பாகச் சுருட்டி உள்ளே வைத்து, மேலே தூளையும் கொட்டிவிட்டார். முதல் சொட்டு விழுந்தபிறகுதான் தலையில் கை வைத்தார். கம்பெனி முத்திரை கரைந்து நீலக் காபி வடிந்தது. வீட்டம்மாவின் தம்பி அதையும் விடவில்லை.

"கொஞ்சம் மை வாடை. ஆனா திடமா இருக்கு அத்தான்."

பொத்தான் கிட்டத்தட்ட அழுதார். "சார், உண்மையைச் சொல்றேன். இன்னைக்கு நீங்க வாங்கலேன்னா என்னைக் கிடங்குல தள்ளிடுவாங்க."

வீட்டுக்காரர் உருகிப்போனார். "அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதா தம்பி? அந்தப் பாரத்தை எடுங்க."

பழுப்பும் நீலமுமாகச் சொதசொதவென்று வந்த பாரத்தை வீட்டம்மா இரண்டு விரலால் வாங்கி, பச்சைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் ஜன்னலோரம் விரித்தார்.

"காயட்டும். அதுக்குள்ள உங்க மெஷின்லயே கடைசியா நாலு கோப்பை போடுங்க. குடிச்சுட்டு முடிவு பண்ணிடலாம்."

பொத்தானுக்குப் போன உயிர் திரும்பியது. இருந்த தூளையெல்லாம் போட்டார். இருந்த பாலையெல்லாம் ஊற்றினார். விரலை நெற்றிக்கு நேரே உயர்த்தி, ஒரே ஒரு பொத்தானை அழுத்தினார். மெஷின் கர்ஜித்தது.

அழைப்பு மணி அடித்தது. பொத்தானே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கையில் பெரிய பிளாஸ்க்கோடு நின்றிருந்த கீழ்வீட்டுப் பெண், அவரைத் தாண்டி வீட்டம்மாவை எட்டிப் பார்த்தாள்.

"நேத்து வந்தவர் போட்டது கசந்துச்சுக்கா. இன்னைக்கு எந்தக் கம்பெனி?"