சாய்ந்த மரமும் சாய்சதுரமும்

உலகத்தில் நடக்கிற எந்தக் காரியத்தையும் ஒரு வட்டம், நாலைந்து கட்டம், தேவைப்பட்டால் ஒரு சாய்சதுரம், இவற்றுக்குள் அடக்கிவிடலாம் என்பது ராஜபாளையம் ஸ்டெபின் அவர்களின் உறுதியான நம்பிக்கை. இந்த நம்பிக்கை அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. மதுரையில் ஒரு ஓட்டலில் மதியச் சாப்பாட்டுடன் நடந்த இரண்டு நாள் கருத்தரங்கில் வந்தது. பேண்டேஜ் துணிக் கடைக்கு மேல்மாடியில் நாலு பேரை வைத்து சாப்ட்வேர் கம்பெனி நடத்திவந்த சாதாரண மனிதராகப் போனவர், தொழில் நடைமுறைகளுக்கான பொதுக் குறியீட்டை ஏற்றுக்கொண்டவராகத் திரும்பி வந்தார்.

வட்டம் என்றால் காரியம் தொடங்குகிறது. தடித்த வட்டம் என்றால் முடிகிறது. கட்டம் என்றால் வேலை. சாய்சதுரம் என்றால் கேள்வி. எல்லாவற்றையும் அம்புக்குறி இணைக்கும். இவ்வளவுதான் குறியீடு. இதைப் புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆனது என்பதை ஸ்டெபின் வெளியே சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சாம்பார் வைக்கும் நடைமுறையை வரைந்து பிரிட்ஜில் ஒட்டினார். அதில் ‘உப்பு சரியா?’ என்று ஒரு சாய்சதுரம். ஆம் என்றால் இறக்கு. இல்லை என்றால் உப்புப் போடும் கட்டத்துக்குத் திரும்பிப் போ. அவர் மனைவி வின்சி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கையில் கரண்டியோடு நின்று படத்தைப் படித்துப் பார்த்தாள்.

“ஏங்க, உப்பு கூடிப்போச்சுன்னாலும் இது திரும்ப உப்பைத்தானே போடச் சொல்லுது?”

ஸ்டெபின் யோசித்தார். “அது விதிவிலக்கு. விதிவிலக்கெல்லாம் ரெண்டாவது பக்கத்துல வரும்.”

இரண்டாவது பக்கத்தை அவர் கடைசிவரை வரையவில்லை.

வின்சிக்குச் சாம்பாரைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அந்தத் தெருவில் சாலையோரமாகப் பன்னிரண்டு தூங்குமூஞ்சி மரங்கள். வீட்டுக்கு ஒன்று வீதம் எல்லாம் அரசாங்க மரங்கள். அவற்றில் ஸ்டெபின் வீட்டு மரம் மட்டும் இரண்டு மழைக்காலமாகச் சமையலறைப் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. முதல் வருஷம் ஜன்னல் வழியாகக் கிளை தெரிந்தது. இந்த வருஷம் ஜன்னல் வழியாக மரமே தெரிந்தது. அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் வின்சிக்கு நெஞ்சு பதறும்.

அரசாங்க மரத்தில் பொதுமக்கள் கை வைக்கக் கூடாது. அதற்கென்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ‘சாலையோர மரங்கள் மற்றும் நிழல் பராமரிப்புத் தனிப்பிரிவு’ என்று ஓர் அலுவலகம் இருந்தது. முன்னெல்லாம் அங்கே நடைமுறை எளிமையாக இருந்தது. மனு கொடுத்தால் அலுவலக உதவியாளர் சமுத்திரம் பஸ் ஏறி வருவார். மரத்தடியில் நின்று அடிமரத்தில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார். திரும்பிப் போய் அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்வார். மூன்றாம் நாள் வாளும் வடமுமாக ஆள் வரும். இது முறையற்ற முறை என்பதால் நீண்டநாள் நன்றாக நடந்துவந்தது.

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ‘அனைத்து நடைமுறைகளும் பொதுக் குறியீட்டில் வரையப்பட்டு, மேற்படி குறியீட்டை ஏற்றுக்கொண்ட மென்பொருள் நிறுவனங்களின் வாயிலாக மட்டுமே செயல்படுத்தப்பட வேண்டும்’ என்றது அது.

மூன்று நிறுவனங்கள் கூட்டத்துக்கு வந்தன. ராஜபாளையத்திலிருந்து ஸ்டெபின், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பொன்னுராஜ், சிவகாசியிலிருந்து ஒருவர். தனி அலுவலர் பாலகணேஷ் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்து வரவேற்றார்.

“நாங்க போன வருஷமே இந்தக் குறியீட்டை ஏத்துக்கிட்டோம் சார்,” என்றார் ஸ்டெபின்.

“நாங்க அது வர்றதுக்கு முன்னாடியே ஏத்துக்கிட்டோம்,” என்றார் பொன்னுராஜ். “ஏத்துக்கிட்டதோட, கொஞ்சம் மேம்படுத்தியும் வச்சிருக்கோம்.”

“நாங்களும் மேம்படுத்தியிருக்கோம்,” என்றார் சிவகாசிக்காரர், விட்டுக்கொடுக்காமல்.

ஸ்டெபினும் மேம்படுத்தியிருந்தார். சோதனைக்காக அவர் வரைந்த படத்தைப் பொன்னுராஜின் கம்ப்யூட்டரில் திறந்தபோது வட்டங்களெல்லாம் கட்டமாக வந்தன. சிவகாசிக் கம்ப்யூட்டரில் வட்டம் வட்டமாகவே வந்தது, அம்புகளைக் காணோம். யாருடைய படத்தையும் யாரும் திறக்க முடியாவிட்டாலும் மூவரும் பின்பற்றுவது ஒரே குறியீடுதான் என்று மினிட்ஸ் எழுதப்பட்டது. படத்தைத் தாளில் அச்சடித்துக் கைமாற்றிக்கொள்வது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

குலுக்கல் முறையில் மரம் வெட்டும் நடைமுறை ஸ்டெபினுக்கு வந்தது. கர்த்தர் கண் திறந்தார் என்று நினைத்தார் அவர். முதல் மனுவாகத் தன் வீட்டு மரத்தையே போட்டு, மூவரில் முதலில் ஒரு மனுவை முடிப்பவருக்குக் கிடைக்கும் சான்றிதழையும் வாங்கிவிட்டால், அதைக் காட்டி ஏழெட்டு மாவட்டம் பிடித்துவிடலாம். வின்சிக்கும் அடுப்படிப் பயம் தீரும்.

படத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை உண்டு. அவரவர் வேலை அவரவர் வரிசைக்குள் இருக்கும். கண்காணிப்பாளர் அனுசியா முதலில் அதைத்தான் பார்த்தார்.

“இன்ஜினியர் வரிசை எனக்கு மேல இருக்கு. அவர் என்னைவிட நாலு வருஷம் ஜூனியர் தெரியும்ல?”

ஸ்டெபின் மாற்றினார். இன்ஜினியர் வருத்தப்பட்டார். ஸ்டெபின் தாளைத் திருப்பிப் போட்டு வரிசைகளைச் செங்குத்தாக்கினார். இடமா வலமா என்ற கேள்வி வந்தது. கடைசியில் பணியில் சேர்ந்த தேதிப்படி அடுக்கி, இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கினார்.

பிறகு அனுசியா ஊழியர் பாதுகாப்பை முன்னிட்டு ஒரு சாய்சதுரம் கூடுதலாகக் கேட்டார். அதன்படி படம் இப்படி அமைந்தது. மரம் ஆபத்தானதா? இல்லை என்றால் மனுவை நிராகரி, முடிந்தது. ஆம் என்றால் அருகில் சென்று அளவெடுக்க வேண்டும். அருகில் செல்வது பாதுகாப்பானதா? ஆம் என்றால் அளவெடு, வெட்டு, முடிந்தது. இல்லை என்றால் முதல் கேள்விக்குத் திரும்பிப் போ. அதாவது, ஆபத்தாகவும் இருக்க வேண்டும், பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மரத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் படம் அழகாக இருந்தது.

தேநீர் கொண்டுவந்த சமுத்திரம் தட்டை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“இதுல நான் எங்க தம்பி இருக்கேன்?”

ஸ்டெபின் தேடினார். எந்த வரிசையிலும் அவர் இல்லை. “நீங்கதான் அண்ணே அந்த அம்பெல்லாம்,” என்றார்.

சமுத்திரத்துக்குச் சந்தோஷம். மறுவாரமே அம்புகளின் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டதால், இனி கோப்பைத் தொடக்கூடாது என்று அவருக்கு மெமோ வந்தது.

மெமோ வருவதற்கு முன் அவர் இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார். “மரம் தானா விழுந்துட்டா இதுல எங்கிட்டுப் போறது?”

ஸ்டெபினுக்குச் சுருக்கென்றது. பென்சிலை எடுத்து ஓர் அம்பு போட்டு, ‘மரம் தானாக விழுந்தால்’ என்று எழுதினார். பாலகணேஷ் அதை உற்றுப் பார்த்தார்.

“இது வேண்டாமே. மனு நிலுவையில இருக்கும்போது மரம் விழும்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாம தாமதம் பண்ணுவோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்ல? அது போக, படம் ஒரே பக்கத்துல இருக்கணும்.”

ஸ்டெபின் ரப்பரை எடுத்து அழித்தார். மனசாட்சி சற்று உறுத்தியது. அழித்த இடத்தை ஊதிவிட்டதும் சரியாகிவிட்டது.

மனு நம்பர் ஒன்று பச்சைப் புள்ளியாகத் திரையில் ஓடத் தொடங்கியது. மரம் ஆபத்தானதா? ஆம். அருகில் செல்வது பாதுகாப்பானதா? இல்லை. மரம் ஆபத்தானதா? ஆம். தினம் காலை பத்து மணிக்குப் புள்ளி கிளம்பும், மாலைக்குள் ஒரு சுற்று வந்து நிற்கும். ஐப்பசிக்குள் இருநூறு நகர்வைத் தாண்டியது. அலுவலகத்தில் தேங்கிய கோப்பு ஒன்றுகூட இல்லை என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

“மரம் எம்புட்டு நகர்ந்திருக்குன்னு தெரியுமா?” என்றாள் வின்சி. “நாலு விரற்கடை. நான் சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சிருக்கேன்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்த கையோடு வாசலில் சமுத்திரம் நிற்பதைப் பார்த்தார்கள். கூட இரண்டு ஆள், தோளில் வடம்.

“மனசு கேக்கல தம்பி. இது ஆபீஸ் வேலை இல்ல, நம்ம வேலை. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பெரிய கிளை ரெண்டைக் கழிச்சு, மரத்தை அந்தப் பக்கமா இழுத்துக் கட்டிட்டுப் போறேன். பொறவு உங்க படம் மெதுவா வரட்டும்.”

வின்சி கணவர் முகத்தையே பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் ஸ்டெபின் நல்லவராக நடந்திருக்கலாம். அவர் நினைப்பு அந்தப் பச்சைப் புள்ளிமேல் இருந்தது. படத்துக்கு வெளியே கிளையைக் கழித்தால் முதல் மனுவே தோல்வி. சான்றிதழ் பொன்னுராஜுக்குப் போய்விடும்.

“முறைப்படியே நடக்கட்டும் அண்ணே,” என்றார்.

சமுத்திரம் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். வின்சி அன்றைக்கே அடுப்பையும் சிலிண்டரையும் முன்னறைக்கு மாற்றினாள்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை மதியம், மழையோடு காற்றும் சேர்ந்து அடித்தபோது மரம் விழுந்தது. சமையலறையின் ஒரு பக்கச் சுவர் போயிற்று, கூரையில் பெரிய ஓட்டை விழுந்தது. வின்சி பள்ளிக்கூடத்தில் இருந்ததால் ஆளுக்கு ஒன்றுமில்லை. பிரிட்ஜில் ஒட்டியிருந்த சாம்பார்ப் படத்துக்கும் ஒன்றுமில்லை.

ஸ்டெபின் நனைந்துகொண்டே பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்.

“மேடம், மரம் விழுந்துடுச்சு. மனுவை முடிச்சிடுங்க. அதை வெட்டி அப்புறப்படுத்தணும்.”

அனுசியா திரையைப் பார்த்தார். “மனுவுல மரத்தோட உயரம் கட்டாயம் போடணும். எம்புட்டுப் போட?”

“அது கிடக்குது மேடம்.”

“கிடக்கிறதுக்கு உயரம் கிடையாது, நீளந்தான். நீளத்துக்கு நீங்க கட்டம் வைக்கலையே.”

பாலகணேஷ் அவரை உட்காரவைத்து ஆறுதல் சொன்னார். “பாருங்க ஸ்டெபின், கோப்புல மரம் நிக்குது. தரையில கிடக்குது. ரெண்டுல ஒண்ணை மாத்தணும். கோப்பை மாத்தணும்னா படத்தை மாத்தணும். படத்தை மாத்தணும்னா சென்னைக்கு எழுதணும். மரத்தை மாத்துறது நம்ம கையிலதான் இருக்கு.”

“எப்படி சார் மாத்துறது?”

“நிறுத்துங்க.”

இதைக் கேட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். ஸ்டெபினோ யோசித்தார். யோசிக்க யோசிக்க அதிலுள்ள நியாயம் அவருக்குப் புலப்பட்டது. கிரேன் வைத்து நிறுத்தினால் பக்கத்தில் போவது பாதுகாப்பு. அளவெடுக்கலாம், வெட்டலாம், புள்ளி முடிவு வட்டத்துக்குப் போய்ச் சேரும். படம் சரிதான். இத்தனை நாளும் ஒரு கிரேன்தான் குறைந்திருக்கிறது.

தெரிந்த மில்லில் சொல்லி, இருக்கிறதிலேயே பெரிய கிரேனைக் கொண்டுவந்தார். மரம் சங்கிலியில் எழுந்து, சமையலறை ஓட்டைக்கு நேரே, முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நேராக நின்றது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. பொன்னுராஜும் சிவகாசிக்காரரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இன்ஜினியர் டேப்லெட்டோடு வந்தார். மரத்தைச் சுற்றி வந்தார். சங்கிலியை ஆட்டிப் பார்த்தார். மரம் அசையவில்லை. திரையில் முதல் சாய்சதுரம் வந்தது. மரம் ஆபத்தானதா?

“துளி ஆட்டம் இல்லையே,” என்று சொல்லி, ‘இல்லை’ என்பதைத் தொட்டார்.

மனு நிராகரிக்கப்பட்டது. பச்சைப் புள்ளி முடிவு வட்டத்துக்குள் போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆபத்தில்லாத அரசாங்க மரத்தை வெட்டுவது குற்றம் என்பதால், அதைத் தாங்கி நிற்கும் கிரேனை நகர்த்துவதும் குற்றம் என்று இன்ஜினியர் அன்பாக எச்சரித்துவிட்டுப் போனார்.

பதினைந்து நாளில் விழா நடந்தது. பொதுக் குறியீட்டின்படி வெற்றிகரமாக முடிக்கப்பட்ட முதல் மனு என்று, அடிக்கு அடி அளவில் லேமினேட் செய்த சான்றிதழைப் பாலகணேஷ் ஸ்டெபின் கையில் கொடுத்தார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதை வாங்கியபோது ஸ்டெபினுக்குக் கண் கலங்கியது, சந்தோஷத்தில். தட்டு ஏந்தி மேடையோரம் நின்ற சமுத்திரத்தை மட்டும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தார். கிரேன் நிழலில் தெருக்காரர்கள் பைக்குகளை நிறுத்தியிருந்தார்கள். “உங்க மரம் மட்டும் ஆடாம நிக்குதே, எங்களுக்கும் மனு போட்டுக் குடுங்களேன்” என்று இரண்டு பேர் கேட்டார்கள். சான்றிதழை மாட்ட ஆணி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவர், அந்தப் பக்கம் சுவர் இல்லை என்பது ஞாபகம் வந்து நின்றார்.

வின்சி சான்றிதழை அவர் கையிலிருந்து வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள்.

“லேமினேட் பண்ணினதுதானே? தண்ணி இறங்காது.”

ஸ்டூலில் ஏறிக் கூரை ஓட்டையின் ஒரு மூலையில் அதைச் செருகினாள். அந்த மூலையில் ஒழுகுவது நின்றது. ஒன்பது மாதப் பொதுக் குறியீட்டால் அந்த வீட்டுக்குக் கிடைத்த முதல் பிரயோஜனம் அதுதான்.

“ஓட்டை நாலடிக்கு மூணடி,” என்றாள் கணக்கு டீச்சர், கீழே இறங்காமலே. “இன்னும் பதினோரு சான்றிதழ் வேணும்.”

ஸ்டெபினுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார்.

இன்னும் பதினோரு மரம் இருந்தது.