நாற்பத்திரண்டு பேரிக் கன்றுகளுக்குக் கால் நட்ட விவரம்

தொத்தோரி,
செப்டம்பர் 4

ஒசாகாவில் வசிக்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் ஹிதெனோரி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஹனாயோவின் கணவன் சோகிச்சி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

நாள்காட்டியின்படி இலையுதிர் காலம் தொடங்கிவிட்டது. வெயிலுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் பட்டுவாடா ஆகவில்லை. தாங்களும் தங்கள் மனைவியாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோடைப் பரிசாகத் தாங்கள் அனுப்பிய நூடுல்ஸ் பெட்டி பத்திரமாக வந்தது. மூன்று வேளையும் அதையே சாப்பிடுவதால் தங்களை நினைக்காத வேளையில்லை. இங்கே நாங்கள் நலம், என் முதுகும் இடது கட்டைவிரலும் ஒரு கால்சட்டையும் நீங்கலாக.

ஜூலையில் தாங்கள் தொலைபேசியில் இட்ட உத்தரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேட்டு நிலத்தில் ஹனாயோ நட்டிருக்கும் பேரிக் கன்றுகளுக்குச் செப்டம்பர் முடிவதற்குள் கிளைகளைக் கட்ட உறுதியான மரக்காலும் கம்பியும் நிற்க வேண்டும், இல்லையென்றால் சூரிய மின்பலகைக் கம்பெனிக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவேன் என்றீர்கள். நிலம் தங்கள் பெயரில் இருக்கிறது, நியாயம்தான். ஹனாயோ அன்று முதியோர் இல்லத்துச் சமையலறை வேலைக்குப் போகும் முன் மேட்டுக்குப் போய் நாற்பத்திரண்டு கன்றுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தாள். மனம் தாங்காமல், "கவலைப்படாதே, இதை என்னிடம் விடு" என்று சொல்லிவிட்டேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் தபால் அலுவலகத்தில் தலைகீழாக ஒரு முத்திரை குத்தாதவன், வரிசையாகப் பத்துப் பதினைந்து கால் நட்டுவிட மாட்டேனா என்ற தைரியம்தான்.

கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பதின்மூன்று செஸ்ட்நட் மரக்கால்களும் கம்பிச் சுருளும் வந்து இறங்கின. நூல் பிடித்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, பதின்மூன்றையும் ஒரு மயிரிழை சாயாமல் நட்டேன். ஹனாயோ வேலை முடிந்து வந்து பார்த்தாள். "என்னங்க, ரெண்டு ஓரத்துக் காலும் வெளிப்பக்கமா சாஞ்சிருக்கணும். அதுக்குப் பின்னாடி ஆழமா ஒரு கல்லப் புதைச்சு, கம்பியால இழுத்துக் கட்டணும்" என்றாள். சாய்ந்து நிற்கும் கால் பார்ப்பவர்களுக்கு என்னைப் பற்றி என்ன நினைக்கத் தோன்றும் என்று கேட்டேன். "குழியும் முழங்கால் ஆழந்தான் இருக்கு. நம்ம மண்ணு மாவு மாதிரி. கால் நிக்காது" என்றாள். நான் கேட்கவில்லை. மறுநாள் இறுக்குக் கருவியை மாட்டிக் கம்பியை முறுக்கினேன். நாலாவது முறுக்கிலேயே இரண்டு ஓரத்துக் கால்களும் ஒன்றையொன்று பார்த்து மெல்லக் குனிந்தன. ஆறாவது முறுக்கில், வெகுநாள் கழித்துச் சந்தித்த இரண்டு வங்கி மேலாளர்களைப்போல இடுப்பு வரை வணங்கி நின்றன.

பிறகு நடந்ததற்கு நான் மட்டும் பொறுப்பல்ல, பக்கத்துத் தோட்டத்துக் கதோவாக்கியும் காரணம் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அவர் தன் சின்ன லாரியை எங்கள் வரிசைக்கு நேராக, இதற்காகவே செய்ததுபோல் நிறுத்திவிட்டு, மரத்தடியில் பார்லித் தேநீர் குடிக்கப் போயிருந்தார். ஓரத்துக் காலை நிமிர்த்திப் பிடிக்க ஏதாவது கனமான பொருள் தேவைப்பட்டது. லாரி கனமான பொருள். கம்பியின் முனையை அதன் பின்கொக்கியில் கட்டி, லாடம்போல் வளைந்த இருமுனை ஆணிகளை ஒவ்வொரு காலிலும் கம்பி அசையாதபடி முழுதாக இறங்கும்வரை அறைந்துகொண்டே மறுமுனைக்குப் போனேன். ஆணியைக் கொஞ்சம் விட்டு அடிக்க வேண்டும், கம்பி அதற்குள் வழுக்கி ஓடினால்தான் இறுக்க முடியும் என்று ஹனாயோ ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அதையும் நான் கேட்கவில்லை. பன்னிரண்டாவது காலில் நின்றபோது லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. "கதோவாக்கி!" என்று கத்தினேன். அவர் கண்ணாடியில் பார்த்து, வழியனுப்புகிறேன் என்று நினைத்து, கையை ஆட்டிவிட்டுப் போனார். கால்கள் ஒவ்வொன்றாக மண்ணைவிட்டு எழுந்து அவர் பின்னாலேயே புறப்பட்டன. கன்றுகளை இன்னும் கம்பியில் கட்டவில்லை என்பது தெய்வச் செயல். வாய்க்கால் மதகில் மாட்டிக் கம்பி அறுந்தது. அறுந்த முனை திரும்பி வந்து என் கால்சட்டையின் பின்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அந்தக் காயத்தைப் பற்றி மரியாதை கருதி மேலே எழுதவில்லை.

அரை மணி நேரத்தில் கதோவாக்கி கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பேசினார். "தபால்காரரே! என் வண்டிப் பின்னாடி மூணு கால் தொங்குது. இங்க இருக்கிற பொண்ணு, விக்கிறதா இல்ல ரிப்பேரான்னு கேக்குது. நான் என்ன சொல்லட்டும்?" நான் தபால்காரன் அல்ல, துணை மேலாளராக ஓய்வுபெற்றவன் என்பதை அவருக்கு மீண்டும் நினைவூட்டினேன். "சரிங்க துணை மேலாளரே, பார்சல திருப்பி அனுப்பட்டுமா?" என்றார். சங்கமே சிரித்தது தொலைபேசியில் கேட்டது.

அதன்பின் ஹனாயோ மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கடப்பாரையை என் கையில் கொடுத்து, "இடுப்பளவு. பதின்மூணு குழி" என்றாள், அவ்வளவுதான். ஓரத்துக் கால்களுக்குப் பின்னால் ஆளை நிறுத்திப் புதைக்கும் ஆழத்துக்குத் தோண்டி, ஆற்றங்கரையிலிருந்து உருட்டி வந்த பாறாங்கல்லில் கம்பியைச் சுற்றி இறக்கி, மண்ணை ஒவ்வொரு சாணாகப் போட்டு மிதித்தோம். ஊரே பார்க்கும்படி என்னை அந்தக் குழிமேல் குதிக்கச் சொன்னாள். இப்போது ஓரத்துக் கால்கள் இரண்டும் குடித்தவன் மாதிரி பின்னால் சாய்ந்து நிற்கின்றன. "கயிறிழுக்கிறப்போ கடைசி ஆள் எப்படி நிப்பான்? அப்படி" என்றாள். நான்கு அடுக்குக் கம்பி ஓடுகிறது. கன்றுகளின் கிளைகளை இரண்டு பக்கமும் விரித்து, மெல்லிய நாடாவால் எட்டுப்போல் முடிச்சுப் போட்டு அவள் கட்டியிருக்கிறாள். கைக்குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல இருந்தது.

மைத்துனரே, இனிமேல்தான் கடிதத்தின் காரணம். ஹனாயோவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தயவுசெய்து நிலத்தை மின்பலகைக் கம்பெனிக்கே கொடுத்துவிடுங்கள். என் முதுகைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை புயல் நம் பக்கம் திரும்பும் என்று வானொலி சொல்கிறது. நான் தோண்டிய குழியில் நிற்கும் கால்கள் அவை, எனக்கல்லவா தெரியும். அவை விழும். நாற்பத்திரண்டும் கம்பியோடு சேர்ந்து கிழியும். பிள்ளையில்லாத வீட்டில் அவள் காலையில் எழுந்ததும் முதலில் கேட்பது அந்தக் கன்றுகளைப் பற்றித்தான். புயலுக்கு மறுநாள் மேட்டில் அவள் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அதற்கு முன்பே தாங்கள் கூப்பிட்டு, "அண்ணன் முடிவு இது" என்று சொல்லிவிட்டால் அவள் தங்கள்மேல் கோபப்பட்டுக்கொள்வாள். கோபம் ஆறிவிடும். தாங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், தாங்கிக்கொள்வீர்கள்.

தங்கள் வீட்டில் நோய் நொடி அண்டாதிருக்கவும், தங்கள் ரத்த அழுத்தம் தங்கள் வயதுக்குத் தக்கபடி அடங்கியிருக்கவும் மலைக்கோயிலில் வேண்டிக்கொள்கிறேன்.

பணிவுடன்,
சோகிச்சி

பின்குறிப்பு (செப்டம்பர் 8): உறையில் போட்டு ஒட்டிவிட்டேன், ஆனால் தபால் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்து மூன்று முறையும் பெட்டியில் போடாமல் திரும்பினேன். நேற்று நண்பகலில் புயல் வந்தது. முதியோர் இல்லத்தில் கிழவர்களை விட்டு வர முடியாமல் ஹனாயோ அங்கேயே மாட்டிக்கொண்டாள். நான் மேட்டுக்கு ஓடினேன். ஓடிப்போய் என்ன செய்வது என்று தெரியாததால் மேற்கு ஓரத்துக் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் காலை நான் பிடித்திருப்பதாக நினைத்தேன். என் மழைக்கோட்டும் தொப்பியும் கதோவாக்கியின் கொட்டகைக் கூரையும் வரிசையாகப் பறந்துபோன பிறகுதான், கால்தான் என்னைப் பிடித்திருக்கிறது என்று புரிந்தது. அது ஒரு விரற்கடைகூட அசையவில்லை. இரண்டு கன்று ஒடிந்தது. நாற்பது நிற்கிறது.

சாயங்காலம் அவள் சேறும் சகதியுமாக மேடேறி வந்தாள். முதலில் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். "இங்க என்ன பண்றீங்க?" என்றாள். காலைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "விடுங்க அத. அது ஓடிடாது" என்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் கிழித்துப் போடுங்கள். கடிதத்தையே நான் கிழித்திருப்பேன். ஆனால் என் நனைந்த சட்டையை உலர்த்தும்போது ஹனாயோ பையிலிருந்த அதைக் கண்டெடுத்து, உறையைப் பிரித்து, அடுப்பருகில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புது உறை ஒன்றைத் தேடி எடுத்து, தானே தபால்தலை ஒட்டி என்னிடம் நீட்டினாள்.

"அனுப்புங்க. நான் எப்பேர்ப்பட்ட ஆளோட குடும்பம் நடத்துறேன்னு அண்ணனுக்கும் தெரியட்டும்."