டொரோண்டோவுக்கு அறுபத்தொரு டாலர்

ரங்கநாதன் ஒரு முடிவுக்கு வரப் போகிறார் என்றால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்துகொள்வது நல்லது. நேரமாகும். தக்காளி வாங்குவதற்கே மூன்று கடை விலையை எழுதி, பஸ் கட்டணத்தைக் கூட்டி, அழுகலுக்குப் பத்து சதவீதம் தள்ளி, அப்புறம்தான் பையை எடுப்பார். அதற்குள் செண்பகம் தக்காளி இல்லாமலே ரசம் வைத்து இறக்கியிருப்பாள்.

சென்னையை விட்டு மொன்றியலுக்கு வந்ததே ஓர் அட்டவணையின் உபயத்தில்தான். அங்கே என்ன சம்பளம், இங்கே என்ன சம்பளம், வாடகை எவ்வளவு, பால் எவ்வளவு, கனத்த கோட்டு எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் நூற்றெட்டு வரி போட்டு, கடைசிக் கட்டம் பச்சையாக மாறிய பிறகே விமான டிக்கெட் எடுத்தார். சென்னை ஆபீஸில் அதற்கு 'ரங்கா பஞ்சாங்கம்' என்று பெயர். வெளிநாடு கிளம்புகிற பையன்கள் இன்றைக்கும் அதைக் கேட்டு வாங்கித்தான் கிளம்புகிறார்கள். மூன்று வருடமாக அந்தப் பெருமையிலேயே மனிதர் பனியைச் சமாளித்து வந்தார்.

பிப்ரவரி பதினேழாம் தேதி சாயங்காலம் அவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் வந்து நின்றார்.

"செண்பகம்! டொரோண்டோ ஆபீஸ்ல கூப்பிடறாங்க. கைக்கு வர்ற சம்பளம் மாசம் ஆயிரத்து நானூறு டாலர் ஜாஸ்தி."

செண்பகம் குழந்தை ஹம்சினியின் பனி உடுப்பை உருவிக்கொண்டிருந்தாள். "பூட்ஸக் கழட்டுங்க. எப்ப பதில் சொல்லணும்?"

"மார்ச் இருபது. சும்மா சொல்லிட முடியுமா? அட்டவணை போடணும்."

"போடுங்க போடுங்க. அப்புறம், வீட்டுக்காரர்கிட்டேர்ந்து ரிஜிஸ்தர் தபால் வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சிருக்கேன். வாடகைய ஏத்தறாராம். பதில் போடணுமாம். ஒரு மாசம் டைம்."

ரங்கநாதன் கடுதாசியைப் பார்த்தார். முழுக்கப் பிரெஞ்சு. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான். ஆபீஸில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று காலத்தை ஓட்டிவிட்டார். ஆனால் எண் எந்த மொழியிலும் எண்தானே?

"நாப்பத்தஞ்சு டாலர் ஏத்திட்டானா! இது ஒண்ணு போதும். மொன்றியல் கணக்குல எழுதிக்கறேன்."

"பதிலுக்கு என்ன பண்ண?"

"என் அட்டவணை முடியாம யாருக்கும் எந்தப் பதிலும் கிடையாது!"

"சரிங்க. நீங்க சொன்னா சரி" என்றாள் செண்பகம். இந்த வார்த்தையைக் கேட்டால் அனுபவப்பட்ட கணவன் உஷாராகிவிட வேண்டும். ரங்கநாதனுக்குக் கல்யாணமாகி ஏழு வருடந்தான் ஆகிறது. அவர் கடுதாசியைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார்.

மூன்றே நாளில் அட்டவணை தயார். டொரோண்டோ வாடகை, மின்சாரம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் கழித்தும் மாதம் எழுநூற்றுப் பத்து டாலர் மிச்சம். கட்டம் பசேலென்று இருந்தது.

"எல்லாம் சரிங்க" என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள் செண்பகம். "ஒரு வரி விட்டுப்போச்சு."

"என்ன வரி?"

"கார் இன்சூரன்ஸ். அங்க கொள்ளை விலைன்னு கீழ்வீட்டு அண்ணன் சொன்னாரே."

நல்ல கேள்வி. நாலைந்து நாள் கம்பெனி கம்பெனியாக விசாரித்தார். எழுநூற்றுப் பத்து ஐந்நூற்றிருபதாகிவிட்டது. பரவாயில்லை, பச்சை பச்சைதான்.

"எல்லாம் சரிங்க. ஒரு வரி விட்டுப்போச்சு."

"இன்னும் என்ன?"

"மொய்."

"மொய்யா?"

"இங்க நமக்கு யார் இருக்கா? மூணு வருஷத்துல ரெண்டு பொறந்தநாள், ஒரு காதுகுத்து. டொரோண்டோவுல உங்க சித்தப்பா பிள்ளைங்க, பெரியம்மா சம்பந்தி, காலேஜ் கூட்டாளிங்க, எங்க பக்கத்துல எட்டுக் குடும்பம். அழைச்சா போகாம இருக்க முடியுமா? போனா வெறுங்கையோட போக முடியுமா?"

ரங்கநாதன் நெற்றியில் கையை வைத்தார். வெளிநாட்டுச் செலவைக் கணக்குப் போடுகிற எத்தனையோ பேரை அவருக்குத் தெரியும். ஒருவர் அட்டவணையிலாவது மொய்க்கு வரி கிடையாது. உலகத்திலேயே முதன்முறையாகத் தான் போடப் போகிறோம் என்றதும் உடம்பு சிலிர்த்தது. அன்றே போனை எடுத்தார்.

"மாமா, சௌக்கியமா? அடுத்த வருஷம் உங்க வீட்டுல விசேஷம் எத்தனை வரும்? தோராயமா சொன்னாப் போதும்."

இப்படி எந்த மருமகன் போன் செய்து கேட்பான்? அந்தப் பக்கம் எல்லோருக்கும் ஆனந்தக் கண்ணீர். ஒருவர் மகளின் அரங்கேற்றத்தைச் சொன்னார், ஒருவர் கிரகப்பிரவேசத்தைச் சொன்னார், ஒருவர் இன்னும் பிறக்காத பேரனின் முதலாம் ஆண்டு நிறைவுக்கே அழைத்துவிட்டார். ஒரு வாரம் உட்கார்ந்து தொகுத்ததில் முப்பத்திரண்டு விசேஷம் தேறியது. ஒவ்வொன்றுக்கும் நூற்றொரு டாலர். மாதத்துக்கு இருநூற்று அறுபத்தொன்பது. ஒற்றை டாலரைக் கூட்டி வைக்கும் நம் வழக்கத்தை அன்றைக்குத்தான் அவர் முதல் முறையாக நொந்துகொண்டார்.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு நாள் செண்பகம் சொன்னாள்: "புதன்கிழமை இங்கயே மொன்றியல் பக்கத்துல, புவாண்ட்-கிளேர்ல எனக்கு இன்டர்வியூ இருக்குங்க. குழந்தைய நீங்க கூட்டிட்டு வந்துடுங்க."

"ம்" என்றார் ரங்கநாதன். வளைகாப்பையும் சீமந்தத்தையும் ஒன்றாகப் போடுவதா தனித்தனியாகப் போடுவதா என்ற சிக்கலில் இருந்தார். புதன்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டும் வந்தார். ஏன் கூட்டி வருகிறோம் என்பது மட்டும் மனதில் பதியவில்லை.

"இருநூத்தி அம்பத்தொண்ணு மிச்சம்!" என்று மார்ச் முதல் வாரத்தில் அறிவித்தார்.

"எல்லாம் சரிங்க..."

"செண்பகம், வேண்டாம்."

"நயாகரா."

ரங்கநாதன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு வருகிற எவரும் நயாகரா பார்க்காமல் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. டொரோண்டோவில் வீடு இருக்கிறது என்றால் அத்தனை பேரும் அங்கேதான் இறங்குவார்கள். கூட்டிப்போக வேண்டும். பெட்ரோல், படகு டிக்கெட், கட்டுச்சாதம், நனைந்த மாமாவுக்கு மாற்று ஸ்வெட்டர். சென்னை, கோவை, திருச்சி என்று ஊர்வாரியாக விசாரித்து, வருடத்துக்கு ஆறு கோஷ்டி என்று முடிவுக்கு வருவதற்குள் இன்னும் பத்து நாள் ஓடிவிட்டது. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் வரி அதிகம், வரி அதிகம் என்று மூன்று வருடமாகப் புலம்பியவர், வீட்டில் தன் கையாலேயே வரிமேல் வரியாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் பதினெட்டாம் தேதி சாயங்காலம் அட்டவணை முடிந்தது. இருநூற்றுப் பதினான்கு வரி. மிச்சம் அறுபத்தொரு டாலர்.

"அறுபத்தொண்ணுதானா?" என்றாள் செண்பகம்.

"அறுபத்தொண்ணும் பணம்தான்! பச்சைதானே? டொரோண்டோன்னா டொரோண்டோதான்!" ரங்கநாதன் எழுந்து நின்றார். வீர உரை ஆற்றும்போது அவருக்கு உட்காரப் பிடிக்காது. "நாளைக்கே ஆபீஸுக்குச் சம்மதம் சொல்லிடறேன். வீட்டுக்காரருக்கும் எழுதிடு, ஒப்பந்தம் முடியற ஜூன் முப்பதோட காலி பண்றோம்னு."

"எழுதலாங்க. ஆனா நேத்தோட டைம் முடிஞ்சுபோச்சே."

"என்ன டைம்?"

"வீட்டுக்காரருக்குப் பதில் போடற டைம். ஒரு மாசம்னு சொன்னேனே."

"போடலேன்னா என்ன ஆகும்? கையெழுத்துப் போட்டாத்தானே ஒப்பந்தம்?"

"எனக்கென்னங்க தெரியும். கீழ்வீட்டு அண்ணனக் கேட்டுப் பாருங்க."

ரங்கநாதன் செருப்போடு மாடிப்படி இறங்கி ஓடினார். கீழ்வீட்டு அம்புறோஸ் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாகத் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஊருக்கு வந்த தமிழர்கள் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கார்ட்டியர்வில் பேட்டையில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

"வாங்கோ தம்பி. ஏன் மூச்சு வாங்குது?"

ரங்கநாதன் கடுதாசியை நீட்டினார். அம்புறோஸ் முதலில் பின்பக்கத்தைப் பார்த்தார். "மொய் முப்பத்திரண்டு... இதென்ன, கலியாண வீட்டுக் கணக்கோ?"

"அந்தப் பக்கம் அண்ணே, அந்தப் பக்கம்."

திருப்பிப் படித்தார். சிரித்தார். "இதுக்கு நீங்கள் பதில் போடேல்லையோ?"

"இல்லண்ணே."

"அப்ப இன்னும் ஒரு வருசம் இஞ்சதான்."

"நான் எதிலயும் கையெழுத்தே போடலையே!"

"தேவையில்லை தம்பி. போறன் எண்டு ஒரு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்காட்டில், இருக்கிறன் எண்டுதான் கணக்கு. கூட்டின வாடகையும் ஓம் எண்டதுதான். எங்கட ஆக்கள் மவுனம் சம்மதம் எண்டு சொல்லுவினம். இவங்கள் அதைச் சட்டமாவே எழுதி வைச்சிருக்கிறாங்கள்."

"உடைக்க முடியாதா?"

"வேற ஆளைப் பிடிச்சுக் குடுத்து, வீட்டுக்காரனோட கதைச்சு, பேந்து அந்தாள் ஓம் எண்டால் பாக்கலாம். அதுவரைக்கும் இஞ்சயும் வாடகை, ரொறன்ரோவிலயும் வாடகை." அம்புறோஸ் கடுதாசியைத் திருப்பிக் கொடுத்தார். "ஏன், இதையெல்லாம் உங்கட மனுசி சொல்லேல்லையோ? போன மாசமே அந்தப் பிள்ளை வந்து என்னட்டக் கேட்டவ. நானும் இதைத்தான் சொன்னனான்."

ரங்கநாதன் படியேறினார். இறங்கும்போது பதினெட்டுப் படிதான் இருந்தது. ஏறும்போது ஐம்பது இருக்கும் போலத் தோன்றியது.

செண்பகம் மேஜையில் காப்பி வைத்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு கடுதாசி.

"நீ வேணும்னேதான் செஞ்ச" என்றார்.

"நான் என்னங்க செஞ்சேன்? பதில் போடணும்னு முதல் நாளே சொன்னேன். அட்டவணை முடியாம பதில் கிடையாதுன்னீங்க. சரின்னேன்."

"மொய்? நயாகரா?"

"அது பொய்யா? நீங்களே சொல்லுங்க."

பொய்யில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. "இந்த ஒரு மாசத்த இழுத்தடிச்சியே, எதுக்கு?"

"இதுக்கு" என்று அந்தக் கடுதாசியைத் தள்ளினாள். "புவாண்ட்-கிளேர் கம்பெனில கணக்குப் பிரிவுல வேலை. ஏப்ரல் ஏழு சேரணும். விண்ணப்பம் போட்டப்பவே முடிவு சொல்ல ஒரு மாசம் ஆகும்னாங்க. இன்னைக்குத்தான் வந்துது."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"இன்டர்வியூவுக்குப் போறேன்னு சொன்னேன். 'ம்'னீங்க."

ரங்கநாதன் காப்பியைக் குடித்தார். சூடாக இருந்தது, குடித்தார். "டொரோண்டோவுலயும் உனக்கு வேலை கிடைக்குமே."

"கிடைக்கும். ரெண்டு வருஷமா மைனஸ் இருபதுல பஸ்ஸப் பிடிச்சுப் போய்ப் பிரெஞ்சு படிச்சேனே, அத எந்தக் கடைல போட்டு விக்கிறது? இந்த வேலையே அந்தப் பிரெஞ்சுக்காகத்தான் கொடுக்கறாங்க." அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "சென்னைல கிளம்பறதுக்கு முன்னாடியும் இதே மாதிரிதான் அட்டவணை போட்டீங்க. நூத்தெட்டு வரி. பால் இருந்துது, கோட்டு இருந்துது. ஆடிட்டர் ஆபீஸ்ல ஆறு வருஷம் பார்த்த வேலைய நான் விட்டுட்டு வந்தேன். அது எந்த வரியிலயும் இல்ல. அன்னைக்கு நான் வாயத் திறக்கல. சம்மதம்னு எடுத்துக்கிட்டீங்க."

ரங்கநாதன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். உண்மையாகவே வெட்கமாக இருந்தது. சென்னையில் எத்தனை பையன்களிடம் இருக்கிறது அந்தப் பஞ்சாங்கம்! அத்தனை பேர் மனைவிமாரும் வரிசையாக நின்று தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அவர் மெதுவாகக் கம்ப்யூட்டரைத் திறந்தார். இருநூற்றுப் பதினைந்தாவது வரி: செண்பகம் சம்பளம். கைக்கு மாதம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அதை மொன்றியல் பக்கத்தில் போட்டு விசையைத் தட்டினார். ஒரு மாதமாக அவரைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டிருந்த மொன்றியல் கட்டம் பளிச்சென்று பச்சையாகிவிட்டது. டொரோண்டோ ரத்தச் சிவப்பு.

"பாப்பா, ஃபினி?" என்று கேட்டாள் ஹம்சினி. காப்பகத்தில் கற்ற பிரெஞ்சு. அப்பா, முடிந்துவிட்டதா என்று அர்த்தம். ஒரு மாதமாகக் குழந்தை அந்தக் கம்ப்யூட்டரைப் பின்பக்கமாகவே பார்த்திருந்தாள்.

"ஃபினிடா கண்ணு" என்று அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு சம்பளம், தெரிந்த தெரு, கீழே அம்புறோஸ். இன்னும் பத்து நாளில் பனியும் உருகிவிடும். யோசித்துப் பார்த்தால் மனசு லேசாகத்தான் இருந்தது. ஆனால் குடும்பத் தலைவர் என்று ஒரு பதவி இருக்கிறதே? தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"செண்பகம்! நல்லா யோசிச்சு நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நாம மொன்றியல்லயே இருக்கோம்."

"சரிங்க. நீங்க சொன்னா சரி."

உடனே டொரோண்டோ ஆபீஸுக்குக் கடிதம் அடித்தார். அன்போடு அழைத்தமைக்கு நன்றி. எல்லா அம்சங்களையும் அலசி ஆராய்ந்து, தொலைநோக்கோடு நானே எடுத்த முடிவு இது. மொன்றியலிலேயே தொடர விரும்புகிறேன். உரக்கப் படித்துக் காட்டினார். நடை அவருக்கே பிடித்திருந்தது. அனுப்புவதற்கு விரலைத் தூக்கினார்.

செண்பகம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் சரிங்க. ஒரு வரி விட்டுப்போச்சு."

"இதுல என்ன விட்டுப்போச்சு?"

"'என் மனைவியைக் கலந்தாலோசித்து'ன்னு போடுங்க."

போட்டார்.